ஓடிப் போனவனும் காணாமல் போனவனும்

அச்சகத்தில் அவனுக்கு டிக்ஷனரி என்று பெயர். விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, மருந்து டப்பாவின் மேலட்டை என்று எது அச்சுக்குப் போனாலும், அதிலிருக்கும் ஆங்கிலம் அவன் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு முறை தோல் டாக்டர் ஒருவரின் பலகையில் ஒரே ஓர் எழுத்து விழுந்து ஸ்கின் சின் ஆகிப்போனதில், தோலுக்கு வைத்தியம் பார்ப்பவர் பாவத்துக்கு வைத்தியம் பார்ப்பவராகியிருந்தார். அதை அவன்தான் கண்டுபிடித்தான். முதலாளி பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் மெதுவாக மனைவியின் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாமியார் கரண்ட் பில்லிலிருந்து கண் சொட்டு மருந்தின் சீட்டு வரை எல்லாவற்றையும் அவனிடம்தான் நீட்டுவாள். "மாப்பிள்ளை பாத்துட்டாரா?" என்று அங்கே கேட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவனுக்கும் அது பிடித்திருந்தது. அவன் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆங்கிலம் அவனாகச் சேர்த்துக்கொண்ட சொத்து. அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவியின் தம்பி நகரத்தின் ஓரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தான். குளிரறையில் வைக்கவேண்டிய ஊசி மருந்துகளை இராப் பகலாகக் காவல் காப்பது, குளிர் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தங்குவது கம்பெனி விடுதியில், விடுமுறைக்கு மட்டும் அம்மாவிடம் வருவான். இருபத்தைந்து தாண்டியும் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு தூங்குகிறவன்.

ஒரு காலை, மனைவி தையல் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் போனுக்குக் கிடங்கு அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, தம்பியின் பெயரைத் தவிர வேறெதுவும் புரியாமல் கணவனிடம் நீட்டினாள்.

டிக்ஷனரி படித்தான். வேலையிலிருந்து உங்கள் தம்பி, என்று ஆரம்பித்த வாக்கியம் ஒரு வினைச்சொல்லில் போய் முட்டி நின்றது. அப்ஸ்காண்ட். அந்தச் சொல்லை அவன் எங்கேயோ பார்த்திருந்தான். எப்போதோ செய்தித்தாளுக்குப் போன ஒரு விளம்பரத்தில், ஓர் ஆளின் படமும் உயரமும் மச்ச அடையாளமும் போட்டு, மேலே இதே சொல். படமும் மச்சமும் போட்டுத் தேடுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"காணாம போயிட்டானாம்," என்றான்.

அவள் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தியில் இருந்த எண்ணை அவனே அழைத்தான். எடுத்த பெண் மழை கொட்டுகிற மாதிரி ஆங்கிலம் பேசினாள். குளிரறை, மருந்து, போன், கதவு என்று சில சொற்கள் அவன் கையில் அகப்பட்டன. மீதியெல்லாம் வழுக்கிப் போயின. மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள் என்று அந்த முகத்துக்கு முன்னால் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் புரிந்ததா என்று கேட்டபோது புரிந்தது என்றான். நன்றியும் சொல்லி வைத்தான். மனைவியிடம், போனைக்கூட எடுக்காமல் குளிரறைப் பக்கத்திலிருந்து மாயமாகிவிட்டானாம், அவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லையாம் என்று, அகப்பட்ட சொற்களை வைத்து ஒரு கதையைத் தைத்துக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் போனது. மாமியார் அழவில்லை. அழுதால் அது நிஜமாகிவிடும் என்பது போல வாயை இறுக்கிக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்தவனுக்கு மனைவி போன் போட்டு, தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டதா, யாரோடாவது தகராறா என்று கேட்டாள். அவன், எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா என்று அவசரமாக வைத்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். டிக்ஷனரி அச்சகத்தில் தன் கையாலேயே போஸ்டர் தயாரித்தான். தம்பி சிரிக்கிற படம், மேலே பெரிய எழுத்தில் காணவில்லை, கீழே "மிகவும் நல்ல பையன், அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்" என்று ஒரு வரி. அந்த வரியை மாமியார் சொல்லச் சொல்ல அவன் எழுதியது. முதலாளி காகிதத்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. பஸ் நிறுத்தம், டீக்கடைச் சுவர், கிடங்குக்குப் போகிற பாதை என்று எல்லா இடத்திலும் ஒட்டினார்கள்.

பிறகு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். மாமியாரும் கூட வந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. மாமியாரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவனை மட்டும் உள்ளே அழைத்தார். கிடங்கில் தான் பேசிவிட்டதாகச் சொன்னார். குளிரறையில் அபாய மணி அடிக்கடி சும்மாவே அடிக்குமாம். பையன் அதை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். அன்றைக்கென்று பார்த்து மெஷின் நிஜமாகவே நின்றுபோனது. விடிந்தபோது அறை முழுக்க இருந்த மருந்து வீண். பையன் போனையும் தொப்பியையும் மேஜைமேல் வைத்துவிட்டு, சரக்கு ஏற்றுகிற கதவு வழியாக நடந்து போனது கேமராவில் இருக்கிறதாம்.

"அவங்க அப்ஸ்காண்ட்னு சொல்றாங்க. நீங்க மிஸ்ஸிங்னு புகார் கொடுத்திருக்கீங்க. எது சரி?" என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றுதானே மேடம் என்றான் டிக்ஷனரி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சாவி காணாம போகும். குடை காணாம போகும். அதெல்லாம் அப்ஸ்காண்ட் ஆகாது. அதுக்குக் கால் வேணும், பயமும் வேணும். தப்பு பண்ணிட்டு, பதில் சொல்லணுமேன்னு ஓடி ஒளியறதுக்குத்தான் அந்த வார்த்தை. உங்க பையன் ஓடியிருக்கான். வெளில போய் அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க," என்றார்.

காது மடல் எரிய அவன் வெளியே வந்தான். மாமியார் எழுந்து நின்றாள். என்ன சொன்னாங்க மாப்பிள்ளை என்று கேட்டாள். அவள் கையில் ஒட்டாமல் மீந்துபோன போஸ்டர் சுருள் இருந்தது. ஊரெல்லாம் நல்ல பையன் என்று ஒட்டியாகிவிட்டது. இப்போது போய், தப்புச் செய்துவிட்டு ஓடியவன் என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மாவின் தலையைக் குனியவைக்க வேண்டாமே என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கு அடியில் இருந்தது வேறு. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலேயே அர்த்தம் சொன்னவன் என்று யாருக்கும் தெரியக்கூடாது.

"தேடிக்கிட்டுதான் இருக்காங்களாம் அத்தை," என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, அன்றிலிருந்து வீட்டில் யார் முகத்தையும் அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. மாமியார் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும்போதெல்லாம் அவனும் பாதியில் கை கழுவினான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் படுத்தான். ஒரு நாள் கழிந்ததும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. பாரம் ஏறிக்கொண்டே போனது. அச்சகத்தில் ஒரு துணிக்கடை நோட்டீஸைத் தப்போடு விட்டுவிட்டான். முதலாளி, பாவம், மச்சினனை நினைத்து மனசு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்த இரக்கம் முதுகில் அடித்த மாதிரி இருந்தது.

போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அழைத்தார். சாலையில் அடிபட்ட ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள், உயிர் இல்லை, யாரென்று தெரியவில்லை, வயதும் உடம்புவாகும் போஸ்டரில் இருப்பது போலத்தான் இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்றார். டிக்ஷனரி தனியாகப் போகிறேன் என்று எவ்வளவோ சொன்னான். மாமியார் கேட்கவில்லை. பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தை, அவன் ஓடிப் போயிருக்கிறான், கேமராவில் நடந்து போவது தெரிகிறதாம் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அந்தப் பிடி தளர்ந்திருக்கும். ஓடியவனும் அடிபடலாமே என்று டிக்ஷனரி நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டான். அது சாக்கு என்று அவனுக்கே தெரியும்.

பிணவறையில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. ஊழியர் துணியை மார்புவரை விலக்கினார். மாமியார் குனிந்து பார்த்தாள். நெற்றி, காது, முகவாய் என்று ஒவ்வோர் இடமாக, தெரிந்த எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள்.

"என் புள்ள இல்ல," என்றாள்.

பிறகு ஊழியர் கை வைப்பதற்குள் அவளே துணியை இழுத்து, கழுத்தைச் சுற்றி ஒழுங்காகப் போர்த்திவிட்டாள். குளிரில் தூங்குகிறவனுக்குப் போர்த்துவது போல. இவனைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டாள். இதுவரைக்கும் இல்லை என்றார் ஊழியர்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் அவள் உடைந்தாள். அத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. டிக்ஷனரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவள் வாங்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம புள்ள இல்லன்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோஷமாயிடுச்சு மாப்பிள்ளை. அங்க ஒரு புள்ள அநாதையா கெடக்குது, நான் சந்தோஷப்படறேன். எவ்வளவு கேவலமானவ நான்."

அவன் தலை தானாகக் குனிந்தது. கேவலம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டில் அதை அவள் சுமந்துகொண்டிருந்தாள், அவன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு வந்ததும், தையல் கடையிலிருந்து திரும்பியிருந்த மனைவியை உட்காரச் சொன்னான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். போனில் அந்தப் பெண் பேசியது பாதிக்கு மேல் புரியாதது, புரிந்தது என்று சொன்னது, இன்ஸ்பெக்டர் சொன்ன அர்த்தம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மாவ அங்க கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

அவள் கத்தியிருக்கலாம். அவன் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். அவள் ஊசிப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தாள். வார்த்தை தெரியாதது தப்பில்லை, அது யாருக்கும் வரும் என்றாள். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது. கிளம்புங்கள், அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்லமாட்டேன் என்றாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் போனான். வழியில் மின்கம்பத்தில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டிக்ஷனரி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்த எதுவும் வரவில்லை.

"அத்தை, அந்த வார்த்தைக்குக் காணாம போறதுன்னு அர்த்தம் இல்ல. ஓடிப் போறதுன்னு அர்த்தம். அவன் வேலைல தூங்கிட்டான், மருந்தெல்லாம் கெட்டுப்போச்சு. பயந்து ஓடிட்டான். எனக்கு முதல்ல தெரியாது. ஸ்டேஷன்ல தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

அவள் அவனையே பார்த்தாள். "ஓடித்தான் போயிருக்கானா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"கால்ல நடந்து?"

"நடந்துதான். கேமராவுல பதிவாயிருக்காம்."

மாமியார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மகள் கிட்டே போனாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே சிரித்தாள். ஓடுறதுக்கு உயிர் வேணும்ல என்று மகளிடம் கேட்டாள். தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சி, வேலைக்குப் போன இடத்திலும் தூங்கியிருக்கிறான் பார் என்றாள். பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள்.

"இதச் சொல்லவா மாப்பிள்ளை இத்தன நாள் யோசிச்சீங்க?"

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். தலைகுனிவு என்று எதை அவளிடமிருந்து ஒளித்துவைத்தானோ, அது அவளுக்கு நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அவளைப் பிணத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பான். மாப்பிள்ளை என்று அவள் கூப்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றே மனைவி தம்பியின் அறைத்தோழனுக்கு மறுபடி போன் போட்டாள். இந்த முறை கேள்வி வேறு. அவன் ஓடிப் போனது எங்களுக்குத் தெரியும், திட்டமாட்டோம், எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொல் என்றாள். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது கேட்டது. முதலில் யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்டிருந்தான், பிறகு போஸ்டரைப் பார்த்து, கம்பெனிக்காரர்கள்தான் அவனைப் பிடிக்க உங்களை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன் அக்கா என்றான். ஒரு பஸ் டிப்போவின் பெயரைச் சொன்னான். அங்கே பஸ் கழுவுகிற வேலையில் இருக்கிறானாம்.

நான் போய்க் கூட்டிவருகிறேன் என்றான் டிக்ஷனரி. யாரும் தடுக்கவில்லை.

டிப்போவின் பின்பக்கம் தரையெல்லாம் சோப்பு நுரை. தம்பி முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அக்கா புருஷனைப் பார்த்ததும் குழாயைப் போட்டுவிட்டு இரண்டு எட்டு பின்னால் வைத்தான். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டான். போட்ட குழாய் தானாகத் துள்ளி இரண்டு பேரையும் நனைத்தது. டிக்ஷனரிதான் போய்க் குழாய்த் திருகை மூடினான்.

தம்பி தானாகவே பேசினான். மணியை அணைத்தது நான்தான் மாமா என்றான். அந்த மருந்து எந்தெந்த ஊர் நோயாளிக்குப் போகவேண்டியதோ, நினைத்தால் சாப்பிட முடியவில்லை என்றான். இரண்டே நாளில் திரும்பிவந்துவிடலாம் என்றுதான் கிளம்பினானாம்.

"வந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டுல அந்தப் போஸ்டரப் பாத்தேன். நல்ல பையன்னு போட்டிருந்துச்சு. நான் செத்துட்டேன்னு அம்மா அழுதுக்கிட்டிருக்கு, நான் தப்பு பண்ணிட்டு ஓடினவன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள வர்றது?"

டிக்ஷனரிக்கு அப்போதுதான் புரிந்தது. இவனையும் அந்தப் போஸ்டர்தான் நிறுத்திவைத்திருக்கிறது. "அந்தப் போஸ்டரும் தப்பு. அது என் தப்பு. அர்த்தம் தெரியாம எழுதினேன், தெரிஞ்சப்புறமும் கிழிக்கல," என்றான். பஸ்ஸின் நனைந்த படியில் அவனோடு உட்கார்ந்து, அம்மா பிணவறைக்குப் போனதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னான். தம்பி சுருட்டிய பேன்ட்டை மெதுவாக இறக்கிவிட்டான். ஒரு தப்பு பண்ணினவன் இன்னொரு தப்பு பண்ணினவனை எப்படித் திட்டுவது என்று கடைசியில் சொன்னான். சிரிப்பு வரவில்லை இருவருக்கும். ஆனால் எழுந்து ஒன்றாக நடந்தார்கள்.

மகனைக் கண்டதும் மாமியார் முதலில் அவன் நெற்றியையும் காதையும் முகவாயையும் தொட்டுப் பார்த்தாள். ஏன் அப்படித் தொடுகிறாள் என்று டிக்ஷனரிக்கு மட்டும் தெரியும். அவன் சமையலறைப் பக்கம் போய்விட்டான்.

அந்த வாரமே இரண்டு பேரும் கிடங்குக்குப் போனார்கள். போனில் பேசிய அதே பெண், அதே வேகத்தில் ஆங்கிலம். டிக்ஷனரி இடையிலேயே கையை உயர்த்தி, எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றான். பல தடவை அப்படிக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் மச்சினன் முன்னால் முகம் சூடேறியது, ஆனாலும் கேட்டான். மெஷின் கோளாறைப் பற்றி முன்பே புகார் போயிருந்ததால் வழக்கு எதுவும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. வேலை போனது போனதுதான். அந்தச் சொல்லை வேலைச் சான்றிதழில் போடாமல் இருக்க முடியுமா என்று டிக்ஷனரி கேட்டான். முடியாது, நடந்தது அதுதானே என்றாள் அந்தப் பெண். தம்பியும் தலையாட்டினான். அது சரியான வார்த்தைதான் மாமா, இருக்கட்டும் என்றான். டிப்போ வேலைக்கே திரும்பினான்.

மனைவி பல நாள் அளவாகத்தான் பேசினாள். மாமியார் மட்டும் எதுவும் நடக்காதது போலச் சீட்டுகளை நீட்டினாள். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல அவன் பழகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவள், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள் மாப்பிள்ளை, அன்றைக்குக் கிடந்த பையனைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேளுங்கள் என்றாள்.

அவன் வாசலுக்குப் போய் அழைத்தான். ஊழியர் பார்த்துச் சொன்னார். யாரும் வரவில்லை, அடக்கம் செய்தாகிவிட்டது. போனை வைத்தான். அவன் அண்ணன் ஒருவர் வந்து உடலை வாங்கிப் போனாராம் என்று சொன்னால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன.

உள்ளே போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"யாரும் வரல அத்தை. அவங்களே அடக்கம் பண்ணிட்டாங்க," என்றான்.

மாமியார் மெல்லத் தலையசைத்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவனும் எழுந்து போகவில்லை.